இயங்குபடக் கல்வியும் அதன் பயனும்

கலை எதுவாயினும் அதற்குப் புறக்கருவி ஒன்றும் அகத்திறன் ஒன்றும் உண்டு. தச்சனுக்கு உளி புறக்கருவி. மரத்தின் போக்கறிந்து அதனைச் செலுத்தும் அறிவு அகத்திறன். புலவனுக்கு ஏடும் எழுத்தாணியும் புறக்கருவி. சொல்லின் எடையறிந்து வைக்கும் அறிவு அகத்திறன். கருவியை விலை கொடுத்து வாங்கலாம். திறனை அவ்வாறு வாங்குதல் இயலாது. இவ்வுண்மை எல்லோரும் அறிந்ததே. ஆயினும் புதிதாய் எழுந்த கலைகளைப் பற்றிப் பேசுங்கால் நம்மவர் இதனை மறந்துவிடுகின்றனர். அத்தகைய கலைகளுள் ஒன்று 'அனிமேஷன்' என வழங்கும் இயங்குபடக் கலை. அதனைக் கற்றான் ஒருவனை நோக்கி, "எந்த மென்பொருள் கற்றாய்?" என்று வினவுவார் பலர், "எதனைக் காணக் கற்றாய்?" என்று வினவுவார் மிகச் சிலரே.

நம் கல்லூரியில் வார இறுதி நாட்களில் ஆறு திங்கள் நடைபெற்ற இயங்குபடச் சான்றிதழ் வகுப்பில் யாமும் ஒரு மாணவராய் அமர்ந்து பயின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என்று நண்பர் சிலர் நகைத்தனர். "இதனால் வேலை கிட்டுமா?" என்று வீட்டார் வினவினர். இரண்டும் புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. அவற்றிற்கு எம்மாலியன்ற விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எம் துணிபு இது: இக்கல்வியால் மாணவன் பெறும் உண்மைச் செல்வம் கணிப்பொறியை இயக்கும் வித்தையன்று, கூர்ந்து காணும் கண்ணும், அளந்து செய்யும் பொறுமையும், பிறரோடு இயைந்து உழைக்கும் பண்புமே அச்செல்வம். ஆயினும் அத்திறன் மட்டுமே ஒருவனுக்குச் சோறிட்டுவிடும் என்று கூறுதலும் முழுவுண்மை ஆகாது. இவ்விரண்டனையும் எமக்கு உணர்த்தியவை காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியும், எம் ஊராகிய திருமுக்கூடலின் கோயிற் கல்லுமாம்.

முதற்கண் இக்கலையின் இயல்பைச் சிறிது கூறுவோம். 'அனிமா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர் என்பது பொருள். அச்சொல்லடியாய்ப் பிறந்ததே அனிமேஷன் என்னும் பெயர். உயிரில்லாத ஓவியத்துக்கோ பொம்மைக்கோ உயிருள்ளது போன்ற தோற்றத்தை அளித்தலே இதன் தொழில். உயிர் அளித்தல் இறைவன் செயல்; உயிரின் தோற்றத்தை மட்டுமே மனிதன் அளிக்கவல்லான். இவ்வேறுபாட்டை நம் வள்ளுவர் நன்கு அறிந்திருந்தார். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உள்ளத்தில் நாணமில்லாதவரது நடமாட்டத்துக்கு, கயிற்றால் ஆட்டப்பெற்று உயிருள்ளது போல் மயக்கும் மரப்பாவையை அவர் உவமை கூறினார். அசைவால் உயிர்த் தோற்றம் எழும் என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தோற்பாவைக் கூத்தை ஆடுவோர் திரைக்குப் பின் விளக்கேற்றித் தோற்பாவைகளை அசைத்ததும் இக்கலையின் ஒரு கூறே.

மேனாட்டில், பிரான்ஸ் தேயத்து எமிலி கோல் என்பார் 1908ஆம் ஆண்டில் கோட்டோவியங்களைக் கொண்டே ஒரு சிறு படம் சமைத்தார். நம் நாட்டில் தாதாசாகேப் பால்கே 1915ஆம் ஆண்டில் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து அவற்றை ஆடச் செய்தார். ஆயினும் முறையான பயிற்சி வகுப்பு என்பது இந்நாட்டில் வேரூன்றியது 1956ஆம் ஆண்டிலேயே. அவ்வாண்டில் பம்பாயிலிருந்த இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கேலிச்சித்திரப் பகுதி ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. வால்ட் டிஸ்னி நிலையத்தில் தொழில் புரிந்த கிளேர் வீக்ஸ் என்னும் அமெரிக்கர் வந்து இந்திய இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியின் பயனாய், புத்தர் பிறவிக் கதையொன்றைத் தழுவிய 'தி பேனியன் டீர்' என்னும் படம் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அப்பகுதியில் அக்காலத்தில் தொழில் தொடங்கியவருள் ஒருவர் ராம் மோகன். அவர் கற்றபோது கணிப்பொறி இல்லை. தாளும், பென்சிலும், தாளின் அடியில் ஒளிவிடும் கண்ணாடிப் பலகையுமே கருவிகள். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின்னர், யூகோ சாகோ என்னும் ஜப்பானியரோடு சேர்ந்து, 1992ஆம் ஆண்டுப் படமாகிய 'இராமாயணம்: இளவரசர் இராமர் வரலாறு' என்பதனை இயக்கியவருள் ஒருவராக அவர் விளங்கினார். கையால் வரையப்பெற்ற அப்படம் 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுத் திரையரங்குகளில் மீண்டும் காட்டப்பெற்றது. படம் வரைந்த காலத்துக் கருவிகளிற் பல இன்று வழக்கொழிந்தன. படமோ இன்றும் மக்களைக் கவர்கின்றது. கருவி மறைந்த பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே கல்வி என்பது எம் கருத்து.

இனி, யாம் கற்ற திறன்களைக் கூறுவோம். முதலாவது, காணும் திறன். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு பந்து மேலிருந்து விழுவதாகக் காட்ட வேண்டுமெனில், அதனைச் சம இடைவெளிகளில் வரைந்துவிட்டால் போதும் என்று கல்லாதான் எண்ணுவான். அவ்வாறு வரைந்த பந்து கயிற்றிற் கட்டி இறக்கியது போற் செத்து இறங்கும். உண்மைப் பந்து விழ விழ விரைகின்றது; ஆதலின் படத்துக்குப் படம் இடைவெளி பெருக வேண்டும். நிலத்தில் மோதி எழுங்கால் மேலே செல்லச் செல்ல இடைவெளி சுருங்க வேண்டும். இவ்வொரு பயிற்சியிலேயே இயற்கையின் விதி ஒன்று கைவழியாகக் கண்ணுக்குள் புகுந்துவிடுகின்றது.

நடத்தலும் அத்தகையதே. நாள்தோறும் ஆயிரவர் நடக்கக் காண்கின்றோம். இரு காலும் அகன்று நிலத்தைத் தொடுங்கால் உடல் தாழ்வதும், ஒரு கால் மற்றொன்றைக் கடக்குங்கால் உயர்வதும் நம் கருத்திற் பதிவதில்லை. பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் டிஸ்னி நிலையத்து ஓவியர் இருவர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கலைக்குரிய பன்னிரண்டு நெறிகளை வகுத்துக் கூறினர். அவற்றுள் ஒன்று, எச்செயலுக்கும் முன்னே அதற்கு ஆயத்தமாகும் ஒரு சிற்றசைவு உண்டு என்பது. தாவுவான் முதலிற் குனிகின்றான். எறிவான் முதலிற் கையைப் பின்னிழுக்கின்றான். இந்நெறியை ஏட்டிற் கற்ற பின்னர்க் காஞ்சிபுரத்துத் தறிக்கூடம் ஒன்றிற் சென்று நின்றோம். நெசவாளர் நாடாவை எறியுமுன் அவர் தோள் ஒரு கணம் பின்வாங்கி நிற்பதைக் கண்டோம். எம் ஊரில் மாட்டுப் பொங்கலன்று பாலாற்றைக் கடந்து காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருளுவது வழக்கம். அப்பல்லக்கைத் தாங்கி வருவோர் மணலில் முழங்காலைச் சற்றே மடித்துக் குறுகிய அடியெடுத்து வைப்பதையும் கண்டோம். தோளிலுள்ள சுமையின் எடை அவ்வடிகளில் எழுதப்பட்டிருந்தது. யாம் வேற்றுச் சமயத்தேம். எனினும் உழைப்பாளியின் நடையைக் கூர்ந்து காண்பதற்குச் சமயம் தடையன்று. மனிதரைக் கூர்ந்து காணக் கற்றவன் அவரை எளிதில் இகழான். இஃது இக்கல்வியின் ஒழுக்கப் பயன்.

இரண்டாவது, அளவும் பொறுமையும். ஒரு நொடிக்கு 24 என்று கணக்கிட்டால் ஒரு நிமிடத்துக்கு 1440 படங்கள் வேண்டும். ஒவ்வொரு வரைவையும் இருமுறை படம்பிடித்துப் பாதியாகக் குறைக்கும் வழக்கம் உண்டு. அப்போதும் 720 வரைவுகள் வேண்டும். எம் குழுவினர் நால்வர்க்கு ஒன்றரை நிமிடப் படம் ஒன்று செய்யுமாறு பணிக்கப்பட்டது. கணக்கிட்டால் 1080 வரைவுகள், ஆளுக்கு 270. இவ்வெண்ணைக் கேட்டுப் பட்டணத்து மாணவர் மலைத்தனர். எம் குழுவில் நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர் இருந்தார், அவர் மலைக்கவில்லை. "எங்கள் வீட்டில் ஒரு சேலைக்கு இதனினும் பன்மடங்கு நாடா ஓடுமே!" என்றார்.

அவர் கூறியது வெறும் உவமையன்று. பட்டுச் சேலைக்குரிய மயிலையோ அன்னத்தையோ யாளியையோ முதலிற் கட்டத்தாளில் வரைகின்றனர். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் ஒன்றையொன்று கடக்கும் ஓரிடம். கட்டத்தின் ஒரு வரிசைக்கு ஒரு துளையட்டை. அவ்வட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தறியின் மேலேறி எவ்விழை உயர வேண்டும், எவ்விழை தாழ வேண்டும் என்று ஆணையிடுகின்றன. ஓரட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. அச்சிறு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கிற் சேர்ந்து மயில் தோகை விரிக்கின்றது. இயங்குபடத்திலும் ஒரு வரைவுக்கும் அடுத்த வரைவுக்கும் உள்ள வேறுபாடு மயிரிழையே. அவை சேர்ந்து மயில் ஆடுகின்றது. முன்னது இடத்தில் விரிகின்றது. பின்னது காலத்தில் விரிகின்றது. வேறுபாடு அவ்வளவே.

இவ்வுறவு தற்செயலானதும் அன்று. துளையட்டையால் தறியை ஆளும் பொறியை பிரான்ஸ் தேயத்து லியோன் நகரினரான ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் அமைத்தார். அவ்வட்டையைக் கண்டே சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் தாம் கருதிய கணிப்பொறிக்கும் துளையட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். அவர் பொறி முற்றுப்பெறவில்லை; ஆயினும் இன்று நாம் படம் வரையும் கணிப்பொறிக்கு அஃது ஒரு முன்னோடி. எனவே தறிக்கூடத்துப் பிள்ளை கணிப்பொறியின் முன் அமர்தல் அன்னியர் வீட்டுக்குச் செல்லுதல் அன்று. உறவினர் வீட்டுக்குச் செல்லுதலேயாம்.

மூன்றாவது, இயைந்து உழைக்கும் பண்பு. காஞ்சிப் பட்டின் சிறப்புகளுள் ஒன்று கோர்வை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு மற்றொரு நிறமும் வைத்து, மூன்று நாடாக்களைக் கொண்டு, இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் பிணைத்து நெய்வது அது. அதற்கு நெசவாளரோடு துணையாள் ஒருவரும் தறியருகே இருத்தல் வேண்டும். இருவர் கையும் ஒரு தாளத்தில் இயங்காவிடின் பிணைப்பு நெகிழும். இயங்குபடத்திலும் ஒருவர் கதைப்படம் வரைய, ஒருவர் உருவமைக்க, ஒருவர் அசைவளிக்க, ஒருவர் ஒலி சேர்க்கின்றனர். ஒருவர் வரைந்த கையைத் தொடர்ந்து மற்றொருவர் வரையும்போது, பார்ப்போர்க்கு அஃது ஒரே கையாகத் தோன்ற வேண்டும். "என் கோடு" என்னும் செருக்கு அங்கே கரைந்துவிடுகின்றது. தேர்வு மண்டபத்தில் தனித்தனியே அமர்ந்து எழுதிப் பழகிய நமக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டுவதொன்று.

நிற்க. தமிழ் பயிலும் மாணவனுக்கு இங்கு என்ன வேலை என்ற நண்பர் வினாவுக்கு வருவோம். எம் குழுவினர் ஒன்றரை நிமிடப் படத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் திருமுக்கூடற் கல்வெட்டு. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையிலுள்ள பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்தது எம் ஊர். அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், மருத்துவ சாலையும் நடைபெற்றதை அது கூறுகின்றது. மாணவர்க்குப் படுக்கப் பாயும், சனிக்கிழமைகளில் தேய்த்து நீராட எண்ணெயும் அளிக்கப்பட்டன. வீரசோழன் என்னும் பெயர் பூண்ட ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோர் அங்குப் பணி செய்தனர். ஓராண்டுக்கென இருப்பு வைத்த மருந்துகளின் பெயர்களும் உள்ளன. தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்பன அவற்றுட் சில.

இதனைப் படமாக்கப் புகுந்தபோது குழுவில் ஒரு சொற்போர் எழுந்தது. அரசன் யானைமேல் வருவதாகத் தொடங்கலாம் என்றார் ஒருவர். மருத்துவர் அழகிய மாளிகையில் அமர்ந்திருப்பதாகக் காட்டலாம் என்றார் மற்றொருவர். கல்வெட்டோ படுக்கையின் எண்ணைக் கூறுகின்றது. அறையின் வடிவைக் கூறவில்லை. பணிப்பெண்டிரின் தொகையைக் கூறுகின்றது. அவர்தம் முகத்தைக் கூறவில்லை. கல் கூறாததை நாம் வரைந்துவிட்டால், காண்போர் அதனையும் வரலாறென்றே கொள்வர். ஏட்டில் ஒரு பொய்யை எழுதினால் ஆராய்ந்து மறுப்பார் உளர். கண்முன் அசைந்த பொய்யை மறுத்தல் எளிதன்று. மூலத்தில் உள்ளது எது, உரையாசிரியர் கூட்டியது எது என்று பிரித்தறிதல் தமிழ் பயில்வார்க்கு நாள்தோறும் உரிய பயிற்சி. ஆதலின் அங்கே எம் கல்விக்கு இடம் கிடைத்தது.

முடிவில், முகங்களை வரையாது எல்லாவற்றையும் நிழலுருவாகவே காட்டுவது என்று தீர்மானித்தோம். ஜெர்மானிய மாதாகிய லாட்டி ரைனிகர் 1926ஆம் ஆண்டில் வெட்டிய தாளுருவங்களைக் கொண்டே 'இளவரசர் அகமது' என்னும் நீண்ட படத்தைச் சமைத்தார் என்பதும், நம் தோற்பாவைக் கூத்தும் எமக்கு வழிகாட்டின. பதினைந்து படுக்கைகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. மருந்து அரைக்கும் இரண்டு கைகள் தோன்றுகின்றன. மூலிகைக் கட்டுடன் ஒருவர் ஆற்று மணலைக் கடக்கின்றார். அரசன் வரவில்லை. அறிந்ததை அசைத்து, அறியாததை நிழலில் விட்டோம். இவ்வடக்கமும் ஒரு திறன் என்க.

இனி, வீட்டாரது வினா. "வேலை கிட்டுமா?" கூர்ந்து காண்பவனையும் பொறுமையுள்ளவனையும் உலகம் கைவிடாது என்று மேடையிற் பேசுவது எளிது. காஞ்சிபுரத்தை அறிந்தவர் அவ்வாறு பேசத் தயங்குவர். அங்குள்ள நெசவாளரினும் கைத்திறனும் பொறுமையும் உடையார் யாவர்? இருந்தும் அவர்தம் பிள்ளைகளிற் பலர் தறியை விட்டு வேறு தொழில் நாடுவது ஏன்? திறன் இல்லாமையாலன்று, திறனுக்கேற்ற கூலி இல்லாமையால். விசைத்தறியில் விரைவாய் நெய்ததனையும் கைத்தறி என்று கூறி விற்பாருளர். வாங்குவார்க்கு வேறுபாடு தெரிவதில்லை.

இயங்குபடத் தொழிலும் இவ்விடர்க்கு விலக்கன்று. புதுச்சேரியில் தொடங்கும் கதையாகிய 'லைஃப் ஆஃப் பை' என்னும் படத்திற் புலியை உயிருள்ளது போல் உலவவிட்ட ரிதம் அண்ட் ஹியூஸ் என்னும் நிலையம், 2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அப்படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்றது. அதே திங்களில் கடன் தீர்க்க மாட்டாது நொடித்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்னிக்கலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் இருந்த அதன் நிலையங்களும் மூடப்பட்டன. நம் நாட்டு இளைஞர் பலர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர் திறனில்லாதவர் அல்லர். இதனோடு, சில சொற்களைத் தட்டினால் அசையும் படத்தைத் தானே ஆக்கித் தரும் செயற்கை அறிவுப் பொறிகளும் இப்போது வந்துவிட்டன. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்றவனுடைய வேலையை அப்பொறி முதலிற் கொள்ளும் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில், சில தனியார் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் கவலையைத் தருகின்றன. எமக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று, வேலை உறுதி என்ற சொல்லை நம்பி, கடன் வாங்கிப் பெருந்தொகை கட்டி மகனைப் பட்டணத்து நிலையம் ஒன்றிற் சேர்த்தது. அந்நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அவன் கற்றது ஒரே மென்பொருளின் ஒரு பதிப்பு. பென்சிலைக் கையிற் கொடுத்து ஒரு நாளும் அவனை வரையச் செய்தாரில்லை. வேலையும் வரவில்லை, கடனுக்கு வட்டி மட்டும் தவறாது வருகின்றது. கருவியை விற்றுவிட்டுக் கல்வி அளித்ததாகச் சொல்லுதல் அறமாகுமா?

விலையுயர்ந்த கருவி இன்றியமையாதது என்பதும் உண்மையன்று. பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002ஆம் ஆண்டு முதல் யாவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்துமாறு திறந்துவிடப்பட்டது. அதனைக் கொண்டே லாட்வியா என்னும் சிறு நாட்டினர், ஒரு பூனை வெள்ளத்தில் அலைவதை ஓர் உரையாடலுமின்றிக் காட்டும் 'ஃப்ளோ' என்னும் படத்தைச் செய்தனர். 2025ஆம் ஆண்டில் இயங்குபடத்துக்குரிய ஆஸ்கர் பரிசு அதற்கே கிடைத்தது. பூனையைக் கூர்ந்து கண்டவர் வென்றனர் என்பதே இதன் பொருள்.

எனவே வீட்டார்க்கு யாம் கூறும் விடை இதுதான். திறன் இன்றி வேலை நிலையாது. திறன் மட்டும் இருந்தாலும் வேலை நிலைபெறும் என்ற உறுதியில்லை. திறனைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். நெசவாளர் இதனை நமக்கு முன்னரே உணர்ந்தனர். கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். காஞ்சிபுரப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. குறை முற்றும் நீங்கிற்றில்லை. ஆயினும் தனித்தனியே நின்றால் இழப்பர், கூடி நின்றால் பேச முடியும் என்பதை அவர் வரலாறு காட்டுகின்றது. இயங்குபடக் கலைஞர் பெரும்பாலும் தனித்தனியே ஒப்பந்தத்தில் உழைக்கின்றனர். தம் வரைவின் உரிமை யாருக்கு என்று அறியாமலே கையொப்பமிடுவாரும் உளர்.

திருமுக்கூடற் கல்வெட்டை நோக்குவோர்க்கு மற்றொன்றும் விளங்கும். அது மருத்துவருடைய பெயரையும் ஊதியத்தையும் மட்டும் கூறி நிற்கவில்லை. மூலிகை கொணர்வார்க்கும், நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும், நாவிதர்க்கும் இவ்வளவு இவ்வளவு என்று அளந்து கல்லிலே வெட்டி வைத்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து அறுபது ஆண்டுகட்கு முன்னர், விறகு கொணர்ந்தவனது கூலியும் மறுக்கவொண்ணாதபடி பொதுவிடத்தில் எழுதப்பட்டது. இன்று ஒரு படத்துக்கு ஈராண்டு இரவு பகலாய் உழைத்தவன் பெயர் திரையில் வரும் என்பதற்கு என்ன உறுதி? வந்தாலும், விளக்கேற்றி மக்கள் எழுந்து செல்லும் நேரத்திற் கண்ணிமைக்குமுன் அது ஓடி மறைகின்றது.

ஆதலின் இத்தகைய வகுப்புகளை நடத்துவோர்க்கு எம் வேண்டுகோள் நான்கு. தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியபின், தொழில்திறப் பயிற்சிகள் கல்லூரிப் படிப்போடு இணைந்து வருகின்றன. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இக்கலைக்கெனப் பட்டப் படிப்பே உண்டு. எனவே இவ்வேண்டுகோள் காலத்துக்கு ஏற்றது எனக் கருதுகின்றோம்.

ஒன்று: கணிப்பொறிக்கு முன் பென்சில். முதல் இரண்டு திங்களேனும் மாணவர் தாளிலேயே வரைக. இரண்டு: ஒவ்வொரு மாணவனும் தன் ஊரிலுள்ள ஒரு தொழிலையோ, கல்வெட்டையோ, கூத்தையோ ஆராய்ந்து சிறு படமொன்று செய்க, மேனாட்டு இளவரசியரையே திரும்பத் திரும்ப வரைதல் வேண்டா. மூன்று: கலைச்சொற்களைத் தமிழிலும் வழங்குக. தறிக்கூடத்துப் பிள்ளைக்குப் பாவும் ஊடையும் தெரியும். அவனுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத பொருளுக்கு அழைத்துச் செல்க. நான்கு: ஒப்பந்தத்தைப் படித்தறியவும், தன் உழைப்புக்கு விலை கூறவும், படைப்புரிமையைக் காக்கவும் ஒரு பாடம் வைக்க. இந்நான்காவது இல்லாத பயிற்சி, கண்ணைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டுவது போலாம்.

மாணவ அன்பர்களே! இவ்வகுப்பு அடுத்த ஆண்டிலும் நடைபெறும் எனக் கேள்வியுறுகின்றோம். கணிதம் பயில்வாரும், வரலாறு பயில்வாரும், தமிழ் பயில்வாரும் தயங்காது சேர்க. ஓவியம் வராது என்று அஞ்சுதல் வேண்டா. கை பழகப் பழக வரும். கண்ணோ இன்றே திறக்கும். சேருமுன் ஆசிரியரை அணுகி, "எந்த மென்பொருள் கற்பிப்பீர்?" என்று வினவுதலை விடுத்து, "எதனைக் காணக் கற்பிப்பீர்?" என்று வினவுக. அவ்வினாவைக் கேட்கும் மாணவர் பெருகினால், விடை கூறவல்ல ஆசிரியரும் நிலையங்களும் பெருகுதல் திண்ணம்.